நூல் இழுக்காத சாம்பிள்

ஓசூர் சிப்காட்டில், தண்ணீரில் கரையும் பாலிமர் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் லேபில் இருந்தேன். கழிவுநீரைத் தெளியவைக்கும் வெள்ளைத் தூள் அது. அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் எவ்வளவு நீளம் என்று குரோமட்டோகிராஃபி மெஷினில் பார்ப்பது என் வேலை. கரைசலைக் குழாய்க்குள் செலுத்தினால் நீளமான சங்கிலிகள் முதலில் வெளியே வரும். குட்டையானவை சந்துபொந்தெல்லாம் புகுந்துவிட்டு நிதானமாக வரும். நானும் குட்டைதான், நிதானம் மட்டும் கிடையாது.

கெலமங்கலத்திலிருந்து வந்துபோகும் ஆபரேட்டர் ஒருவர் காண்ட்ராக்டில் இருந்தார். என் வயதுதான். தனியாக ஓட்டும் முதல் பேட்ச் பாஸானால் பர்மனென்ட் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த பேட்சின் சாம்பிளைக் கொடுத்துவிட்டு ஆபரேட்டர் லேப் வாசலிலேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

அந்தத் தூளைத் தண்ணீரில் போட்டு ஒரு நாள் முழுக்க ஊறவிட வேண்டும். எனக்கோ அன்று மதியமே திருநெல்வேலிக்குக் கிளம்பும் அவசரம். கண்ணாடிச் சாமான்களை அதிரவைத்துக் கழுவும் தொட்டியில் குப்பியை வைத்து அரை மணியில் கரைத்துவிட்டேன். மெஷினில் சங்கிலி நீளம் பாதிகூட இல்லை. ‘ஃபெயில்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். அவர் வேலை என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை அவர் ஒரு பிளாஸ்டிக் மக்கோடு வந்து நின்றார். அதே தூளை ஊறப்போட்டிருந்தார். குச்சியை விட்டுத் தூக்கினால் பாகு மாதிரி நீளமாக நூல் இழுத்தது. சங்கிலி நீளமா என்று பிளாண்டில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். நான் அதைக் கேலி செய்கிறவள்.

“நா செஞ்ச சரக்கு நூலு இழுக்குது மேடம். உங்க குப்பியில ஒருதரம் இழுத்துப் பாருங்க.”

வள்ளென்று விழுந்தேன். அவர் போனதும், மீதமிருந்த கரைசலில் யாரும் பார்க்காதபடி கண்ணாடிக் கோலை விட்டுத் தூக்கினேன். பச்சைத் தண்ணீராகச் சொட்டியது. தொட்டி அதிர்ந்த அதிர்வில் சங்கிலிகள் அறுந்திருக்கின்றன. அவமானமாக இருந்தது.

புதிதாகத் தூளை ஊறப்போட்டு ஒரு நாள் பொறுத்தேன். முழு நீளம் வந்தது. ரிப்போர்ட்டில் முதல் முடிவு தவறியதற்கான காரணம் என்ற இடத்தில் ‘என் அவசரம்’ என்று எழுதி மேனேஜரிடம் நீட்டி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நேரே பிளாண்டுக்குப் போய், ஆபரேட்டரிடம் பேட்ச் பாஸ், தப்பு என்னுடையது என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“உங்க வேலைக்கு ஒண்ணும் ஆவலியே மேடம்?” என்றுதான் கேட்டார்.

பர்மனென்ட் ஆர்டர் வந்த அன்று மைசூர்பாகு கொண்டுவந்தார். பெரிய துண்டை என்னிடம் கொடுத்து, “மெதுவா சாப்புடுங்க” என்றார்.