இன்னொரு பை எதற்கு?

டெய்லரம்மாவிடம் யாராவது வந்து "இது எல்லாருக்கும் நல்லது" என்று ஒரு திட்டத்தைச் சொன்னால் அவ்வளவுதான், ஓடிக்கொண்டிருந்த மிஷின் நின்றுவிடும். மிதியிலிருந்து காலை எடுப்பாள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவாள், "எல்லாருக்கும்னா யாருக்கு?" என்று கேட்பாள். பதில் வரும்வரை விடவும் மாட்டாள். இந்தக் குணத்துக்காகவே அவள் கணவர் அவளுக்கு 'எதிர்க்கட்சி' என்று பெயர் வைத்தார். வீட்டுக்குள் வைத்த பெயர் எப்படியோ தெருவுக்கும் போய்விட்டது. அவளுக்கு அதில் வருத்தமே இல்லை. "ஆளுங்கட்சின்னு சொல்லியிருந்தாத்தான் சண்டைக்குப் போயிருப்பேன்" என்பாள்.

அவள் சந்தேகப்படுவதற்கு ஊரும் தாராளமாகக் காரணம் கொடுத்துக்கொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்தின் கூரைமேல் சூரிய ஒளித் தகடு போட்டு, கீழே ஒரு மின்விசிறி மாட்டினார்கள். பக்கத்தில் இருந்த மரத்தின் நிழல் தகட்டில் விழுந்தது. விசிறி சுற்றவில்லை. என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? மரத்தை வெட்டினார்கள். இப்போது விசிறி ஜோராகச் சுற்றுகிறது, அனல் காற்றைப் பயணிகளின் முகத்தில் அள்ளி அள்ளி வீசுகிறது. டெய்லரம்மா அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நின்று அண்ணாந்து பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நகர்வாள்.

அவள் கணவர் நகராட்சியின் குப்பை லாரி ஓட்டுகிறவர். அதிர்ந்து பேசாத மனுஷர். மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, மக்காத குப்பைக்கு நீலத் தொட்டி என்று வீட்டுக்கு இரண்டாகக் கொடுத்தபோது, இவள் தன் கடையில் விழுகிற நூல் பிசிறையும் உடைந்த பட்டனையும்கூடப் பிரித்துப் பிரித்துப் போட்டாள். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவரிடம் கேட்டாள்.

"ஏங்க, லாரியில பச்சைக்குத் தனி இடம், நீலத்துக்குத் தனி இடம் இருக்கா?"

"லாரிக்கு ஒரே வயிறுதான்."

"அப்ப நான் பிரிச்சுப் போடறது?"

"ஒண்ணாத்தான் கொட்டறோம். கொஞ்சம் தண்ணி எடு."

அன்றைக்கு அவர் தானே எழுந்துபோய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டார்.

அதற்காக அவள் சொன்னதெல்லாம் சரி என்று நான் சாதிக்க வரவில்லை. வெட்டிய துணித் துண்டுகளைக் கடைக்குப் பின்னால் போட்டுக் கொளுத்துவதுதான் அவளுக்கு வழக்கம். திறந்த வெளியில் எதையும் எரிக்கக் கூடாது என்று உத்தரவு வந்ததும் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாள். பெரிய புகைபோக்கிகளை விட்டுவிட்டு என் கைப்பிடிக் கந்தலுக்கு வந்துவிட்டார்கள் என்று தெரு முழுக்கப் பேசினாள். எரிப்பது நின்ற பிறகு, கூடவே உட்கார்ந்து தைக்கும் அவள் நாத்தனாருக்கு மூச்சிரைப்பு குறைந்தது. டெய்லரம்மா அதைக் கவனித்தாள். "எப்பவாவது ஒண்ணு சரியா அமைஞ்சிடுது" என்றாள். அவளிடமிருந்து அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.

கடை என்பது அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் படிக்கட்டுக்கு அடியில் இருந்த அறை. கூரை சரிந்து இறங்குவதால் உள்பக்கம் போகப் போகக் குனிய வேண்டும். உயரமான இடத்தில் வெட்டு மேசை, சரிவின் கீழே மூன்று மிஷின்கள். ஒன்றில் டெய்லரம்மா, மூன்றாவதில் கூலிக்கு வருகிற ஒரு பெண். வாசலுக்குப் பக்கத்து மிஷின் நாத்தனாருடையது. அவள் சொந்தக் காசில் வாங்கியது. கணவன் இறந்த பிறகு அவள் மகன் வீட்டு ஹாலில் படுத்துக் காலம் தள்ளினாள். மருமகள் டிவியை அணைத்தால்தான் இவளுக்குப் படுக்கை. யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை, ஆனால் யார் கதவைத் திறந்தாலும் இவள் எழுந்து உட்கார வேண்டும். பை தைக்கிற வேலை வந்த பிறகுதான் கடைக்கு எதிர்ச் சந்தில் ஒரு ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்தாள். முதல் நாள் டெய்லரம்மாவைக் கூட்டிப்போய் ஜன்னலைக் காட்டவில்லை, அடுப்பைக் காட்டவில்லை. கதவைச் சாத்தி, "பாத்தீங்களா அண்ணி, தாழ்ப்பாள் உள்பக்கம்" என்றாள். அதைப் போட்டுப் போட்டுத் திறந்து காட்டினாள்.

அந்தப் பை விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக்கை ஒழிப்பதற்காக நகராட்சி வீட்டுக்கு ஒரு துணிப்பை இலவசமாகக் கொடுத்தது. தைக்கிற வேலை டெய்லரம்மாவின் கடைக்கு வந்தது. முதல் தடவை அவளே மனசாரப் பாராட்டினாள், கைப்பிடியை இரட்டைத் தையல் போட்டு இறுக்கினாள். பிறகு மரம் நடும் விழாவுக்கு ஒரு பை வந்தது. தண்ணீர் சேமிப்புக்கு ஒன்று, மின்சாரச் சிக்கனத்துக்கு ஒன்று. வாசகம் மாறும்போதெல்லாம் பையும் மாறியது. ஊரில் பை இல்லாத ஆணி கிடையாது என்ற நிலை வந்தது. ஆனால் கடைத்தெருவில் பார்த்தால் உருளைக்கிழங்கு பழையபடி பிளாஸ்டிக் பையில்தான் ஊர்வலம் போனது.

ஒரு சாயங்காலம் கணவர் லாரியிலிருந்து எதையோ கொண்டுவந்து வெட்டு மேசைமேல் வைத்தார். துணிப்பை. மடிப்புக்கூடக் கலையவில்லை. டெய்லரம்மா கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய தையலேதான்.

"இது ஒண்ணுதான் கிடைச்சுதா?"

"கையில வந்தது ஒண்ணு. மத்ததை எண்ணலை."

அவளுக்குக் கோபத்தைவிட அவமானமாக இருந்தது. ரவிக்கை சரியில்லை என்று ஒருத்தி திருப்பிக் கொடுத்தால் பிரித்துத் தைக்கலாம். ஒரு தடவைகூடத் தோளில் தொங்காமல் நேராக லாரிக்குப் போகிற பையை என்ன செய்வது? குப்பைக்கு ஏன் இரட்டைத் தையல்? அன்றைக்குக் கடை மூடும்வரை மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் சுற்றுச்சூழல் அதிகாரி வந்தாள். சின்ன வயசு, சைக்கிளில்தான் வருவாள், வேலையை நம்பிச் செய்கிற பெண். இதுவரை வராத அளவுக்குப் பெரிய ஆர்டர் என்றாள். 'எரிசக்தியைச் சேமிப்போம்' என்று அச்சடித்த பை. ஒவ்வொரு பையையும் மடித்து ஒரு கண்ணாடிக் கவரில் போட்டுத் தர வேண்டும்.

"என்ன கவரு?"

"பிளாஸ்டிக்தாம்மா. மேடையில கொடுக்கறப்ப அழுக்காகாம இருக்கணுமாம். எனக்கும் பிடிக்கலை. மேல சொல்லிப் பாத்துட்டேன்."

"பிளாஸ்டிக்கை ஒழிக்கிற பைக்குப் பிளாஸ்டிக் சட்டையா? ஏம்மா, இதைச் சொல்றப்ப உனக்குச் சிரிப்பு வரலை?"

"பத்துப் பேர்ல ரெண்டு பேர் பையை எடுத்துட்டுப் போனாக்கூட லாபம்தானேம்மா?"

"அந்த ரெண்டு பேர்கிட்ட ஏற்கெனவே பை இருக்கு. மத்தவங்ககிட்ட இல்லாதது பழக்கம். அதை எந்த மிஷின்ல தைக்கறது?"

அதிகாரி சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டாள். பை கொடுக்கிற விழாவில் பயனாளியாக மேடையேறி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் நாத்தனார் மிஷினை விட்டு எழுந்து வந்தாள்.

"அண்ணி, வணக்கம், நன்றி. அவ்வளவுதான். வேற எதுவும் வேணாம். எனக்காக."

"சரி."

"சரின்னா?"

"வணக்கம், நன்றி. போதுமா?"

நாத்தனார் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். டெய்லரம்மா உண்மையாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனாள். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

விழா அன்று காலையிலிருந்தே அவர்கள் தெருவில் கரன்ட் இல்லை. சிக்கன வாரமாம். மிஷினின் மோட்டாரைக் கழற்றிவிட்டுக் காலால் மிதித்துத் தைத்தார்கள். மதியம் நகராட்சி மண்டபத்துக்குள் நுழைந்தால், திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டுப் பட்டப்பகலில் அத்தனை விளக்கையும் எரியவிட்டிருந்தார்கள். ஏசி குளிரில் முன்வரிசைப் பெண்கள் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் சுவர் நீளத்துக்கு 'எரிசக்தியைச் சேமிப்போம்' என்ற பிளாஸ்டிக் பேனர். டெய்லரம்மா எல்லாவற்றையும் பார்த்தாள், பல்லைக் கடித்துக்கொண்டாள். வணக்கம், நன்றி.

நகராட்சித் தலைவர் அவளை அறிமுகம் செய்து வைக்காமல் இருந்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். அவர் மைக்கைப் பிடித்து உருக்கமாகச் சொன்னார்: "நம்முடைய பசுமைத் திட்டம் மட்டும் இல்லையென்றால், இந்தத் தாயின் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது."

கல்யாணமான நாளிலிருந்து ஊரில் பாதிப் பேருக்கு ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்தவள் அவள். அந்த அடுப்பு யார் தயவிலும் எரிந்ததில்லை. மைக் அவள் கைக்கு வந்தது.

"வணக்கம்" என்றாள். மூன்றாவது வரிசையில் நாத்தனார் இரண்டு கையையும் கோத்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். "தலைவர் சொன்னதுல ஒரு திருத்தம். பை வர்றதுக்கு முன்னாடியே எங்க வீட்டு அடுப்பு நல்லாத்தான் எரிஞ்சுது. இப்ப ஒண்ணு கேக்கறேன். இங்க இருக்கற எல்லாருக்கும் நான் பை தச்சுக் குடுத்திருக்கேன். இன்னிக்கு எடுத்துட்டு வந்தவங்க கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க."

பின்வரிசையில் ஒருத்தி மட்டும் தூக்கினாள். அது தோல் கைப்பை. மண்டபம் சிரித்தது.

"வீட்ல வெக்க இடமில்லாம பை வெச்சிருக்கறவங்க?"

கைகள் எழும்பின. அதிகாரியின் கையும் பாதிவரை வந்து இறங்கியது.

"ஒரு பைக்குப் பருத்தி வேணும், தண்ணி வேணும், சாயம் வேணும், கரன்ட் வேணும். அவ்வளவையும் கொட்டித் தச்சு, கவர்ல போட்டு, நேரா என் வீட்டுக்காரர் லாரியில ஏத்தறீங்க. காலையிலேர்ந்து எங்க தெருவுல கரன்டை நிறுத்திட்டீங்க, சேமிக்கணும்னு. இங்க வெயிலை வெளியில நிறுத்திட்டு விளக்கைப் போட்டிருக்கீங்க. எங்ககிட்ட பிடுங்கி இங்க எரிக்கறதுக்குப் பேரு சேமிப்பா? பூமியைக் காப்பாத்த வேணாம்னு நான் சொல்லலை. என் காதுல பூச்சுத்தாதீங்கன்னு சொல்றேன். அதுக்கு என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க. இன்னொரு பை எதுக்கு?"

நன்றி சொல்ல மறந்துவிட்டாள்.

கைதட்டல் பலமாக இருந்தது. தலைவர் சாமர்த்தியசாலி. அவரும் சிரித்துக்கொண்டே தட்டினார். "இந்த மாதிரி விமர்சனம்தான் நமக்கு வேணும்" என்றார். திரைச்சீலை விலகவில்லை, ஒரு விளக்கும் அணையவில்லை. நினைவுப் பரிசாக அவளுக்குக் கவரில் போட்ட ஒரு பையை நீட்டினார்கள். "என்கிட்ட இருக்கு" என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினாள்.

மீதி ஆர்டர் மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டது. அதைச் சொல்ல அதிகாரியே வந்தாள். சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். தெருவில் மட்டும் டெய்லரம்மாவுக்கு ஏக மரியாதை. சரியான போடு போட்டீங்க என்று டீக்கடைக்காரர் காசு வாங்க மறுத்தார். ரவிக்கை, சீருடை வேலைகள் இருந்ததால் அவள் அடுப்பு எரிந்தது. மூன்றாவது மிஷினுக்கும் ஏதோ கொஞ்சம் தேறியது. நாத்தனார் நன்றாகத் தைக்கக் கூடியது பை, தலையணை உறை, திரைச்சீலை. அவளுக்குத்தான் ஒன்றும் இல்லை.

"எதிர்க்கட்சி வெளிநடப்பு பண்ணிடுச்சு. சந்தோஷம்" என்றார் கணவர் சாப்பிட்டுக்கொண்டே. "கூட இருந்தவ எங்க நடப்பா?"

டெய்லரம்மா பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து கை கழுவினாள்.

திங்கட்கிழமை நாத்தனார் ஒரு ஆட்டோவோடு வந்தாள். தன் மிஷினின் தலைப்பகுதியைக் கழற்றித் துணியில் சுற்ற ஆரம்பித்தாள்.

"எங்க?"

"மார்க்கெட் பக்கத்துக் கடையில ஆள் எடுக்கறாங்க. அதே பைதான். கவர்லயும் போட்டுக் குடுக்கணுமாம்."

"தெரிஞ்சே போறியா?"

"தெரிஞ்சேதான் போறேன்." நாத்தனார் முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "நீங்க பேசினது ஒவ்வொண்ணும் சரி அண்ணி. நானும் கை தட்டினேன். ஆனா மேடையில நீங்க பணயம் வெச்சது என் ரூமை. உங்க வீட்டை இல்லை. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பே."

"ஆமா. அதனாலதான் கேக்கலை."

ஊரில் எல்லாரையும் பதில் வரும்வரை விடாதவள், இப்போது தானே பதில் சொல்ல வேண்டிய இடத்தில் வெட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"உனக்குக் குடுத்த வாக்கை மீறினது தப்பு. மன்னிச்சுக்கோ. உன்கிட்ட மன்னிப்பு எத்தனை தடவை வேணும்னாலும் கேப்பேன். ஆனா அவங்ககிட்ட போயி..."

"போவீங்களா?" நாத்தனாரின் குரல் சட்டென்று உயர்ந்தது. "என் ரூமை வெச்சுப் பேசின பேச்சு அண்ணி அது. ஒரு ஆர்டருக்காக அதை மாத்திப் பேசினீங்கன்னு என் காதுல விழுந்துது, அப்புறம் உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். நாத்தனார் மிஷின் ஸ்டாண்டின் ஒரு பக்கத்தைப் பிடித்துக் குனிந்தாள்.

"நின்னுட்டே இருந்தா எப்படி? அந்தப் பக்கம் பிடிங்க, கனக்குது."