என் வீட்டுக் கற்றாழைத் திருடன்

போன வருடம் எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்த வாரத்தில் நடந்தது இது. மலேசியாவில், ஜொகூரில், கோத்தா திங்கிக்குப் பக்கத்தில் ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறோம். வீட்டு வாசலில் தொட்டி தொட்டியாகக் கற்றாழை வளர்க்கிறேன். எல்லாம் எதிர்வீட்டு மலாய் அம்மா கொடுத்த ஒரே கன்றிலிருந்து பெருகியவை. அவரை மக்சிக், அதாவது அத்தை, என்று கூப்பிடுவேன். இட்லிச் சட்டியின் ஆவி கையில் அடித்தாலும் சரி, தாளிக்கும்போது எண்ணெய் தெறித்தாலும் சரி, குழாய்த் தண்ணீரில் நன்றாகக் காட்டிவிட்டு, ஒரு மடலை ஒடித்து உள்ளே இருக்கும் சோற்றைத் தடவிக்கொள்வேன். தாமானில் பாதிப் பேருக்குக் கற்றாழை போவது என் வீட்டிலிருந்துதான்.

அந்த வாரம் மடல்கள் காணாமல் போக ஆரம்பித்தன. கேட்டால் கை நிறையக் கொடுப்பவள் நான், என்னிடமே திருடுவதா என்று மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தினமும் காலையில் தொட்டிகளைப் பார்ப்பதும், முகம் தெரியாத அந்த ஆளைத் திட்டுவதும்தான் என் வேலை. என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் கோப்பி குடிப்பார்.

அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். தொழிற்சாலைப் பஸ் ஓட்டுகிறார். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி உள்ளவர், ஆனால் பலகாரத்தை எங்கே ஒளித்து வைத்தாலும் மோப்பம் பிடித்துவிடுவார். அதற்கு முந்தைய வருடம் எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்து அறுவை சிகிச்சை நடந்தது. நான் பிழைத்து எழுந்தால் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டார். டாக்டர் கூடாது என்பார் என்று தெரிந்துதான் டாக்டரிடம் வாயே திறக்கவில்லை. விரதம் இருந்து, மஞ்சள் வேட்டி கட்டி, திருவிழாவில் பூக்குழி இறங்கினார். விரதம் சுத்தமாக இருந்தால் கால் சுடாது என்பது எங்கள் நம்பிக்கை. வந்தவர்கள் எல்லோரும் கால் சுட்டதா என்றுதான் கேட்டார்கள்.

"பூ மாதிரி இருந்துச்சு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டி மறுபடி வந்திருக்கிறதா என்று பார்த்த என் பரிசோதனையின் முடிவு கொஞ்ச நாளில் வரவேண்டியிருந்தது. அவர் கால் சுடவில்லை என்றதும், நல்ல முடிவு கைக்கே வந்துவிட்டதுபோல் நிம்மதியாக இருந்தேன்.

ஒரு காலை, குப்பை போட வெளியே வந்த மக்சிக்கிடம் என் திருட்டுக் கதையைச் சொன்னேன். "அலமாக்!" என்று சிரித்துவிட்டார். தினமும் விடியற்காலையில் என் வீட்டுக்காரர்தான் ஒடிக்கிறாராம், என் தலைமுடிக்கு என்று மக்சிக் நினைத்தாராம்.

என் தலையில் கற்றாழை பட்டு எத்தனையோ வருடமாகிறது. நேரே உள்ளே போனேன். பின்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கித் தொடைமேல் வைத்து, கற்றாழைச் சோற்றில் மஞ்சள் தூளைக் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தார் என் திருடர். திட்ட வாயெடுத்தவள் அந்த உள்ளங்காலைப் பார்த்து நின்றுவிட்டேன். கொப்புளம் உடைந்து, ஓரமெல்லாம் சிவந்து, நடுவில் வெளுத்துப்போன புண். கால் வெடிப்பு என்று சொல்லி வீட்டுக்குள்ளும் காலுறையோடு திரிந்தாரே, அதற்கு அப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

"வலிக்கலையா?" என்றேன்.

"முதல்ல உயிர் போச்சு. இப்ப ஒன்னுமே தெரியல லா. கற்றாழை நல்லா கேக்குது."

பஸ்ஸுக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லி நானே போன் பண்ணிவிட்டு, அவரைக் கிளினிக்குக்கு இழுத்துப் போனேன். அங்கே இருந்தது ஒரு தமிழ்ப் பெண் டாக்டர். காலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"அங்கிள், லேசா சுட்டு, தோல் உரியாம இருந்தா கற்றாழை பூசலாம். இது திறந்த புண்ணு. இனிப்பு நீர் வேற இருக்கு. வலி தெரியலன்னா ஆறுதுன்னு அர்த்தம் இல்ல, உங்க காலுக்கு உணர்ச்சி கொறஞ்சிருக்கு. இப்படியே விட்டிருந்தா விரலையே எடுக்க வேண்டி வந்திருக்கும்."

வெளியே மருந்துக்குக் காத்திருந்தபோது அடக்கமாட்டாமல் கேட்டேன்.

"ஏங்க, கோயில்ல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்கன்னுதானே மறைச்சீங்க?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பேசுனா பேசட்டும், எனக்கென்ன? கொப்புளத்தப் பார்த்தா, வேண்டுதல ஆத்தா ஏத்துக்கலன்னு நீ பயந்துருவ. உன் ரிசல்ட்டு வர்ற வரைக்கும் தெரிய வேணாம்னு பார்த்தேன்."

அத்தனை பேருக்கு முன்னால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூச்சமாகவே இல்லை.

கட்டு மாற்ற மாற்ற, புண் மெதுவாகத்தான் ஆறியது. விரல்கள் தப்பின. நடுவில் என் முடிவும் நல்லபடியாக வந்தது. இனிமேல் எனக்காக வேண்டிக்கொள்வதாக இருந்தால் மொட்டை அடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றேன். தன் வழுக்கையைத் தடவிக் காட்டிச் சிரித்தார். அவர் நெருப்பில் நடந்ததை ஊரே பார்த்தது. ஆனால் வெந்த காலோடு, நான் பயந்துவிடக் கூடாது என்று என் கண்முன்னே நொண்டாமல் நடந்தாரே, எனக்கு அந்த நடைதான் தீ மிதி.