ஆறடி மௌரீன்

மௌரீன் சிஸ்டர் கறுப்பு மார்க்கரைக் கையில் எடுத்தால் வார்டில் பேச்சு நின்றுவிடும்.

பெங்களூரு பிரேசர் டவுனின் பின்தெரு ஒன்றில் இருந்த அந்தச் சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் கொரோனா வார்டுக்கு அவள்தான் இன்சார்ஜ். தலை முதல் கால் வரை மூடிய வெள்ளைப் பாதுகாப்புக் கிட்டுக்குள் நுழைந்துவிட்டால் யார் நர்ஸ், யார் டாக்டர், யார் தரை துடைப்பவர் என்று பெற்றவளுக்கும் அடையாளம் தெரியாது. ஆகவே தினமும் மாலையில் மறுநாள் ஷிப்டுக்கு வேண்டிய கிட்டுகளை மேஜைமேல் அடுக்கி, ஒவ்வொன்றின் நெஞ்சிலும் முதுகிலும் அதைப் போட்டுக்கொள்ளப் போகிறவரின் பெயரை ஆங்கிலக் கொட்டை எழுத்தில் எழுதி வைப்பாள். அந்த வேலையை வேறு யாரிடமும் விடமாட்டாள்.

ஒருமுறை ஸ்ரீலக்ஷ்மி என்கிற இளம் நர்ஸ் அவசரத்தில் அனுஷாவின் கிட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். டாக்டர் "அனுஷா" என்று நினைத்து இவளிடம் ஒன்று சொல்ல, அது அனுஷாவுக்குத் தெரியாமல் போக, ஒரே ஊசியை ஒரே நோயாளிக்கு இரண்டு பேரும் போடவிருந்தார்கள். நூலிழையில் தப்பியது.

அன்று வராந்தாவே அதிர்ந்தது.

"பேர் மாறினா ஆள் மாறும். ஆள் மாறினா மருந்து மாறும். மருந்து மாறிச்சுன்னா அவங்க வீட்டு வாசல்ல போய் யாருடி நிக்கிறது? நீயா, நானா?"

ஸ்ரீலக்ஷ்மி தேம்பித் தேம்பி அழுதாள். மௌரீன் இரங்கவில்லை. இருபத்தைந்து வருட சர்வீஸில் அவள் அழுகைக்கு இரங்கியதாக யாரும் பார்த்ததில்லை.

அந்த மௌரீனின் உயிரே ஒரு நாள் ஸ்ட்ரெச்சரில் வந்து இறங்கியது.

அது இரண்டாம் அலையின் உச்சம். பெங்களூரு முழுக்க ஆம்புலன்ஸ் சத்தம். லிங்கராஜபுரத்தில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த டென்சில், அவளுடைய கணவன், சர்ச் பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடுகிறவன், ஒரு வாக்கியம் பேசி முடிக்க மூச்சில்லாமல் உதடு நீலம் பாரித்துக் கிடந்தான். மகன் டேரில் துபாயில். வர விமானம் இல்லை.

டாக்டர் ராகேஷ் ஸ்கேனைப் பார்த்துவிட்டு அவளைத் தனியே அழைத்தார்.

"சிஸ்டர், உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது? வென்டிலேட்டர் ஒண்ணுகூட காலி இல்ல. வெளியிலயும் விசாரிச்சாச்சு. பைபேப் மாஸ்க் ஒண்ணுதான் வழி. அதை அவர் கழட்டாம இருந்தா பொழைச்சுக்குவார்."

"கழட்டினா?"

டாக்டர் ஸ்கேன் படத்தை உறைக்குள் போட்டார். அவளுக்குப் பதில் வேண்டியிருக்கவில்லை. அந்த மாஸ்க்கின் கொடுமை அவளுக்குத் தெரியும். முகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காற்றை உள்ளே அறையும். மூச்சுக்குத் தவிக்கிற மனிதனுக்கு, அதுவே தன் கழுத்தை நெரிப்பதுபோல் இருக்கும். பயத்தில் பிய்த்து எறிவார்கள். எறிந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அந்தக் கட்டில்களின் விரிப்பை மாற்றியிருக்கிறாள்.

டென்சிலின் கண்களில் அதே பயம். அவன் கை மாஸ்க்கை நோக்கிப் போனபோதெல்லாம் அவள் பிடித்துக்கொண்டாள்.

"இதோ பாருங்க. என் பேரு நெஞ்சில இருக்கு, படிங்க. நான்தான். நான் இங்கயேதான் இருப்பேன். கழட்டினீங்கன்னா ரெண்டு கையையும் கட்டிலோட சேத்துக் கட்டிப்புடுவேன், சொல்லிட்டேன்."

அவன் படித்தான். கை தளர்ந்தது. அன்று முழுவதும் அப்படியே போயிற்று.

மறுநாள் காலை, தொண்டை கரகரத்ததால் அவள் தன்னையே சோதித்துக்கொண்டாள். பாசிடிவ்.

ஆண்டவரே, இதைவிடவா ஒரு சோதனை! கையைப் பிடித்துக்கொண்டு இங்கேயே இருப்பேன் என்றவளை, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த நர்ஸ் விடுதியில் ஒரு அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். போகும்போது அவள் சொன்னது ஒன்றே ஒன்று.

"எனக்குப் பாசிடிவ்னு அவர்கிட்ட மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா பயந்தே போயிடுவார். பக்கத்து வார்டுல ட்யூட்டின்னு நான் போன்ல சொல்லிக்கிறேன்."

அந்த அறையில் அவளுக்குக் காய்ச்சல் பெரிதாகத் தெரியவில்லை. கை வெறுமையாக இருந்ததுதான் தாங்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் மரங்களுக்கு அப்பால் வார்டின் ஓட்டுக்கூரை தெரியும். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அனுஷா போன் செய்து, "மாஸ்க்கோடதான் இருக்கார் சிஸ்டர்" என்பாள். எப்படி என்று கேட்டால், "இருக்கார், அவ்வளவுதான்" என்று அவசரமாக வைத்துவிடுவாள். அந்த அவசரம் மௌரீனுக்குப் பிடிக்கவில்லை. கெட்ட செய்தியைச் சொல்லத் தயங்கும்போது அவளும் உறவினர்களிடம் இப்படித்தான் போனை வைத்திருக்கிறாள்.

ஒரு பிற்பகல், கஞ்சி கொடுப்பதற்காக மாஸ்க்கைச் சற்று விலக்கி மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைக்கும் வேளை பார்த்து அவளே முதல்முறையாக டென்சிலின் போனுக்கு அழைத்தாள். எடுத்தான். மூச்சு அறுந்து அறுந்து வந்தது.

"என்ன மௌரீ... இப்பத்தானே... கஞ்சி ஊட்டிட்டுப் போனே... அதுக்குள்ள போனா?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"யாரு? யாரு ஊட்டினது?"

"நீதான்... ராத்திரியெல்லாம்... கையைப் பிடிச்சிட்டு... நீதானே..."

"டென்சில், இன்னைக்கு என்ன கிழமை, சொல்லுங்க."

"யாருக்குத் தெரியும்... எல்லாம் ஒரே நாளாட்டம்..."

இணைப்பு அறுந்தது.

மனைவியின் நெஞ்சு அலறியது. அதற்குமேல் நர்ஸின் மூளை அலறியது. இல்லாத ஆளை இருப்பதாகச் சொல்கிறான். கிழமை தெரியவில்லை. மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தால் முதலில் வருவது இந்தக் குழப்பம்தான் என்று எத்தனை மாணவிகளுக்கு அவள் பாடம் சொல்லியிருக்கிறாள்! அதற்கு அடுத்தது என்ன என்பதையும் சொல்லியிருக்கிறாள்.

வார்டுக்குப் போன் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அனுஷா எடுக்கவில்லை. ராகேஷ் எடுக்கவில்லை. எல்லோரும் கிட்டுக்குள் இருப்பார்கள், போன் வெளியே மேஜையில் கிடக்கும்.

விதிகளை மற்றவர்களுக்கு மனப்பாடமாக ஒப்பிக்க வைத்த மௌரீன், மாஸ்க்குக்கு மேல் மாஸ்க் போட்டுக்கொண்டு அறைக் கதவைத் திறந்தாள். யாரும் புழங்காத பின்பக்கப் படிக்கட்டில் இறங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, துணி உலர்த்தும் கொடிகளுக்கு நடுவே வார்டின் பின்சுவரை நோக்கி நடந்தாள். இருபதடி நடப்பதற்குள் இரண்டு முறை நின்று இருமினாள். பரிசுத்த மாதாவே, நான் போய்ச் சேரும்வரை அந்த மனுஷனைப் பிடித்து வையுங்கள்!

காற்றோட்டத்துக்காக ஜன்னலின் மேல் கண்ணாடியை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். கீழ்க் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள்.

அவன் கட்டிலைச் சுற்றி மூன்று வெள்ளை உருவங்கள். மாஸ்க் மறுபடி முகத்தில் ஏறியிருந்தது. அவன் முரண்டு பிடித்தான். தலையை ஆட்டினான். ஒரு கையை உதறிக்கொண்டு மாஸ்க்கின் பட்டையைப் பற்றிவிட்டான். மானிட்டர் கிணிகிணியென்று அடித்தது. ஆக்சிஜன் எண் இறங்கிக்கொண்டே வந்தது.

"டென்சில்!" என்று கத்தி, கண்ணாடியைத் தட்டக் கையை ஓங்கினாள்.

அதே கணம் ஒரு வெள்ளை உருவம் குனிந்து அவன் கையைப் பற்றித் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டது. அவன் விரல்களுக்குக் கீழே எழுத்துக்கள் தெரிந்தன.

மௌரீன்.

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

"நான்தான். ப்ளீஸ்... கழட்டாதீங்க... ப்ளீஸ்..." மேல் கண்ணாடி வழியே குரல் கேட்டது. ஸ்ரீலக்ஷ்மி! அவள் திட்டி அழவைத்த பெண்.

டென்சில் அந்த எழுத்துக்களையே பார்த்தான். பட்டையைப் பற்றியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. மற்ற இருவரும் மெல்ல அவனைக் குப்புறத் திருப்பினார்கள். முதுகைக் காட்டி நின்ற ஆள் ஆஜானுபாகுவாக இருந்தான். ஆனேக்கல்லிலிருந்து வரும் நர்ஸ் சரவணனைத் தவிர அந்த ஆஸ்பத்திரியில் அத்தனை உயரம் யாரும் கிடையாது. அவன் முதுகிலும் மௌரீன் என்றே எழுதியிருந்தது.

மானிட்டரில் எண் நின்றது. பிறகு ஒவ்வொன்றாக ஏறியது.

டென்சிலின் புத்தி பேதலிக்கவில்லை. அவனுக்கு உண்மையிலேயே மௌரீன் கஞ்சி ஊட்டியிருக்கிறாள்.

அவன் தலை ஜன்னல் பக்கம் திரும்பியது. அவள் சட்டென்று குனிந்தாள். இப்போது அவன் நிஜ மௌரீனைக் கண்ணாடிக்கு வெளியே பார்த்துவிட்டால் உள்ளே இருக்கிற மௌரீன் பொய்யாகிவிடுவாள். பொய்யானால் மாஸ்க் கழன்றுவிடும். கட்டிய கணவனை ஒரு முழத் தூரத்தில் வைத்துக்கொண்டு, சுவருக்குக் கீழே ஈர மண்ணில் திருடியைப்போல் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கிட்டைக் கழற்றிவிட்டு வெளியே வந்த அனுஷாதான் அவளைப் பார்த்தாள். தூரத்திலேயே நின்றுவிட்டாள்.

"சிஸ்டர்! பாசிடிவ் ஆளு வெளிய சுத்தலாமா? நீங்களே சொல்லுங்க!"

"யாரு வேலைடி இது?"

அனுஷாவின் முகம் வெளுத்தது. "திட்டாதீங்க சிஸ்டர். முதல் நாள் தெரியாமத்தான் ஆச்சு. ஸ்ரீலக்ஷ்மி கிட்டு ஜிப்பு கிழிஞ்சுடுச்சு. நீங்க முந்தின நாளே எழுதி வெச்ச கிட்டு சும்மா இருந்துச்சு. ஸ்டாக்கே இல்லாதப்ப தூக்கியா போடறதுன்னு போட்டுக்கிட்டா, பேரை அடிக்க மறந்துட்டா. டென்சில் சார் அப்ப மாஸ்க்கைப் பிச்சுக்கிட்டு இருந்தார். இவ பேரைப் பாத்ததும் கையைப் பிடிச்சுட்டுக் குழந்தையாட்டம் தூங்கிட்டார். அப்புறம் எப்படி அடிக்கிறது? ஷிப்டுக்கு ஒருத்தர் மௌரீன். மருந்து மாறாம இருக்க, அவர் கட்டிலுக்கு யார் மௌரீனோ அவங்க வேற கட்டிலுக்கே போறதில்ல. அந்தக் கட்டிலுங்களை மத்தவங்க பிரிச்சுக்கிட்டோம். திருப்பிப் படுக்க வைக்கும்போது மட்டும், எந்தப் பக்கம் பாத்தாலும் பேர் தெரியணும்னு ரெண்டு மௌரீன் வேண்டியிருக்கு. டாக்டருக்கும் தெரியும். உங்ககிட்ட சொல்லத்தான் யாருக்கும் தைரியம் இல்ல."

அதாவது, தங்கள் கட்டில்களோடு இன்னும் சில கட்டில்களையும் சேர்த்துச் சுமந்திருக்கிறார்கள். வியர்வையில் நனைந்து, தண்ணீர் குடிக்காமல், கழிவறைக்குப் போகாமல், அவள் பெயரையும் சேர்த்துச் சுமந்திருக்கிறார்கள்.

மௌரீன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். திட்டு வருமென்று அனுஷா காத்திருந்தாள்.

"ஸ்ரீலக்ஷ்மிகிட்ட சொல்லு," என்றாள் மௌரீன். "இவ்வளவு கெஞ்ச வேணாம்னு சொல்லு. நான் கெஞ்சமாட்டேன். அவர் கண்டுபிடிச்சுடுவார்."

அடுத்து வந்த இரவுகள் எப்படிப் போயின என்பது அந்த அறையின் சுவர்களுக்குத்தான் தெரியும். ஒரு நாள் எண் ஏறும், மறுநாள் இறங்கும். ஒரு விடியற்காலை ராகேஷே அழைத்து, "கொஞ்சம் கஷ்டமா இருக்கு சிஸ்டர், ஜெபம் பண்ணுங்க" என்றபோது அவள் முழங்காலில் விழுந்தவள் வெயில் ஏறும்வரை எழவில்லை. அன்று சாயங்காலம் எண் ஏறியது. அதன்பிறகு இறங்கவில்லை.

அவள் குணமாகிப் பலவீனமான கால்களோடு ட்யூட்டிக்குத் திரும்பியபோது, டென்சில் வீட்டுக்குப் போகும் நாளும் வந்தது. சக்கர நாற்காலியில் அவனை வராந்தாவுக்குத் தள்ளி வந்தார்கள். இருபுறமும் ஸ்டாஃப் நின்று கைதட்டினார்கள். கிட் இல்லாமல் வெறும் மாஸ்க்கோடு எல்லோரும் அவனுக்குப் புதுமுகங்கள்.

டென்சில் கையைத் தூக்கி நாற்காலியை நிறுத்தச் சொன்னான். மெலிந்த குரலில் கேட்டான்.

"இதுல யார் யாரு மௌரீன்?"

கைதட்டல் நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மௌரீன் தலை குனிந்தாள். முதலில் ஸ்ரீலக்ஷ்மியின் கை உயர்ந்தது. பிறகு அனுஷா. பிறகு இன்னும் சிலர். கடைசியில் தூணுக்குப் பின்னாலிருந்து சரவணன் கையைத் தூக்கினான்.

"அடப்பாவி, நீதானா!" டென்சில் சிரிக்கப் போய் இருமினான். "மூச்சு கொஞ்சம் சரியானதும் கண்ணு தெளிஞ்சுது. பாத்தா என் பொண்டாட்டி ஆறடி வளந்து நிக்கிறா!"

"சாரி குரு," என்றான் சரவணன், பெங்களூர்ப் பையன்களின் பாணியில். "வாயைத் திறந்தா மாட்டிக்குவேன்னு தலையை மட்டும் ஆட்டிட்டிருந்தேன்."

"அதுலதான்யா மாட்டினே. என் மௌரீன் இத்தனை நேரம் சும்மா இருந்ததா சரித்திரமே இல்ல."

வராந்தா சிரித்தது. மௌரீன் மட்டும் சிரிக்கவில்லை.

"தெரிஞ்சதுக்கு அப்புறம் ஏன் மாஸ்க்கைக் கழட்டல?" என்று கேட்டாள்.

அவன் அந்த முகங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். "இத்தனை பேரு வந்து நீன்னு சொல்லிக்கிட்டுக் கையைப் பிடிச்சுட்டு நிக்கிறாங்க. எந்த முகத்தை வெச்சுட்டுக் கழட்டறது, சொல்லு."

மௌரீன் ஸ்ரீலக்ஷ்மியிடம் போனாள். அந்தப் பெண்ணை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். இருபத்தைந்து வருடமாக யார் முன்னும் காட்டாத அழுகை அந்த வராந்தாவில் அணையை உடைத்தது.

அன்று மாலை மேஜையில் கிட்டுகள் வழக்கம்போல் அடுக்கப்பட்டன. புதிதாக வந்திருந்த வைத்தீஸ்வரன் என்பவர், ரிட்டயரான கணக்கதிகாரி, மாஸ்க்கைப் பிய்த்துப் பிய்த்து எறிந்துகொண்டிருந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகள் ஸ்ரீரஞ்சனியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மௌரீன் மார்க்கரை எடுத்தாள். தன் கிட்டின் முதுகில், ஸ்டாஃப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்காக, மௌரீன் என்று எழுதினாள். திருப்பிப் போட்டாள். நெஞ்சில் வேறொரு பெயரை எழுதினாள்.

கட்டிலருகே போய்க் குனிந்தாள். வைத்தீஸ்வரன் கண்களை இடுக்கி எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஸ்ரீரஞ்சனியா? என் பொண்ணு... இவ்வளவு குண்டு... இல்லையேம்மா."

"கிட்டு போட்டா எல்லாரும் குண்டுதான்," என்றாள் மௌரீன், அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "அவ வர்ற வரைக்கும் நான் நிக்கிறேன். மாஸ்க்குல கை வெச்சீங்க, ரெண்டு கையையும் கட்டிலோட கட்டிப்புடுவேன்."

பக்கத்துக் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்த ஸ்ரீலக்ஷ்மி திரும்பிப் பார்த்தாள். கிழவரின் கை மாஸ்க்கை விட்டு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.