தட்டு அகலத்துக்கு ஓர் அடை

யுத்த காலத்தில் மைதா கிடைக்காததால், திண்டிவனத்து ரொட்டிக்கடைக்காரர் காலையில் கேப்பை மாவில் வெல்லமும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பிசைந்து அடை சுட்டார். புருவமெல்லாம் மாவு, பேச்சு குறைவு. தட்டு அகலத்துக்கு ஒரே அடையாகத்தான் சுடுவார். களையெடுக்கப் போகும் கூலியாட்களுக்கும், தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான எனக்கும் அதிலிருந்தே பிட்டுத் தருவார்.

எனக்கு அது பொறுக்கவில்லை.

“எனக்குத் தனியா, சின்னதா சுட்டுக் குடுங்களேன்” என்றேன்.

“சின்னதா போட்டா வெல்லம் கருகிப்பூடும் சார்” என்றார், அடுப்பைப் பார்த்தபடி.

நம்பினேன். இரண்டு வருஷம் அவர்களோடு நின்றே தின்றேன்.

மாற்றலாகிக் கிளம்பிய அன்று வழிக்கென்று ஒரு பொட்டலம் கொடுத்தார். விழுப்புரத்தில் ரயில் நின்றபோது பிரித்தேன். உள்ளங்கை அகலத்தில் நான்கு அடைகள். ஒன்றுகூடக் கருகவில்லை.