நீராகாரம் எந்தப் பட்டியலில்?

"ஒரு கப்" என்று எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. எந்தக் கப் என்று அவர்கள் எழுதுவதே இல்லை. எங்கள் வீட்டில் மூன்று கப் இருக்கின்றன. ரைஸ் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கப், டீத்தூள் பாக்கெட்டோடு இலவசமாக வந்த கண்ணாடிக் கப், தங்கச்சி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் கொடுத்த எவர்சில்வர் கப். மூன்றிலும் சோற்றை நிரப்பித் தாம்பாளத்தில் கவிழ்த்துப் பார்த்தேன். மூன்றும் மூன்று உயரம். அந்தப் பக்கம் வந்த என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "என்ன, ஆத்து மணல்ல வீடு கட்டி விளையாடறியா?" என்றார்.

அவருக்காகத்தான் அந்த விளையாட்டு. நாற்றங்காலில் விதை விட்ட வாரம் அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. டாக்டர் நல்லவர்தான், ஆனால் வெளியே வரிசை வாசல் வரைக்கும் நின்றது. "அரிசியைக் குறைங்க, மாத்திரையைக் காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி போடுங்க, ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்றார். எனக்குக் கேட்பதற்குப் பதிமூன்று விஷயம் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பஸ்ஸிலேயே விரல் விட்டு எண்ணி வைத்திருந்தேன். முதல் விரலை மடக்குவதற்குள் அடுத்த ஆள் பாதி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மிச்சத்தைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று, வீட்டுக்குத் திரும்புகிற வழியில் தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் ஒன்று வாங்கினேன். புதிதாகச் சர்க்கரை வந்தவர்களுக்கு, எளிய தமிழில், யாரும் படிக்கலாம் என்று அட்டையில் போட்டிருந்தது. அந்த "யாரும்" நான்தான் என்று நினைத்தேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். அம்மா நடவுக்குப் போனால் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும், அவ்வளவுதான் காரணம். ஆனால் படிப்பை விட்டவர்கள் புத்தகத்தை எப்படிப் படிப்பார்கள் என்று புத்தகம் எழுதுகிறவர்களுக்குத் தெரியாது. மேலே படித்தவர்கள் வேண்டாததைத் தாண்டிப் போவார்கள். எனக்குத் தாண்டத் தைரியம் இல்லை. தாண்டிய இடத்தில்தான் முக்கியமான வரி இருக்கும் என்று பயம். அச்சகத்தின் முகவரியிலிருந்து ஆரம்பித்து ஒரு வரி விடாமல் படிப்பேன். அச்சில் இருப்பதெல்லாம் எனக்கு உத்தரவு. அச்சில் இல்லாததைப் பற்றி யோசித்து யோசித்துத் தூக்கம் போகும்.

ஏற்கனவே ஒரு தடவை பட்டவள்தான். முன்பு ஒரு தையல் புத்தகம் வாங்கினேன். முதல் நாளே ரவிக்கை தைக்கலாம் என்றது. துணியை மடித்து, சாக்பீஸில் கோடு போட்டு, எல்லாம் அது சொன்னபடி வந்தது. அடுத்த வரி, கழுத்தை வழக்கம்போல் வெட்டிக்கொள்ளவும் என்றது. வழக்கம் இருந்தால் நான் ஏன் புத்தகம் வாங்குகிறேன்? அன்றைக்கு நான் வெட்டிய கழுத்து தோள்பட்டை வரைக்கும் போய் நின்றது. அந்தத் துணி இப்போது கரித்துணி.

சர்க்கரைப் புத்தகத்தில் முதல் இருபது பக்கம் வாழ்த்துரை. யார் யாரோ பெரியவர்கள் எழுதியவரை வாழ்த்தியிருந்தார்கள். நோய் வந்தவரை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு கணையத்தின் படம், வாடிப்போன புடலங்காய் மாதிரி. அதற்குப் பிறகுதான் பட்டியல். இடது பக்கம் சேர்க்க வேண்டியவை, வலது பக்கம் தவிர்க்க வேண்டியவை. வலது பக்கத்துக்கு மேலே கொட்டை எழுத்தில், சர்க்கரை கூடவே கூடாது என்று பெட்டி கட்டிப் போட்டிருந்தார்கள். அந்தப் பெட்டி என் மண்டைக்குள் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது.

இடது பக்கத்தில் ஒரு கப் சோறு, ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், புரோக்கோலி. திருக்காட்டுப்பள்ளிக் காய்கறிக் கடையில் கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டேன்.

"புரோக்கோலி இருக்காங்க?"

"அது மெடிக்கல்ல கேளுங்கம்மா."

அவரைக்காய் வாங்கிக்கொண்டு வந்தேன். ஓட்ஸ் கிடைத்தது. காய்ச்சி வைத்தேன். வீட்டுக்காரர் கரண்டியால் தூக்கி ஊற்றிப் பார்த்தார். "போஸ்டர் ஒட்டப் போறோமா?" என்றார். சொன்னாரே தவிரக் குடித்துவிட்டார். நான் சொன்னதைச் செய்கிற மனுஷன். அதுதான் எனக்கு இன்னும் பயம். நான் தப்பாகப் படித்தால் அதையும் செய்வார்.

இத்தனைக்கும் நடுவில் நீராகாரத்தைக் காணோம். இடது பக்கத்திலும் இல்லை, வலது பக்கத்திலும் இல்லை. அவர் கல்யாணம் ஆன நாளிலிருந்து விடிகாலையில் எழுந்ததும் ஒரு சொம்பு நீராகாரம் குடிக்கிறவர். ராத்திரி தண்ணீர் ஊற்றிவைத்த சோற்றை ஒரு கை பிசைந்து போட்டு, மோரும் உப்பும் விட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு. அதை எங்கள் வீட்டில் யாரும் சாப்பாடு என்று சொல்ல மாட்டோம். சாப்பாடு என்றால் வயலுக்கு ஒன்பது மணிக்கு நான் தூக்குச்சட்டியில் கொண்டுபோவது. நீராகாரம் முகம் கழுவுகிற மாதிரி, நாள் ஆரம்பிக்கிற ஒரு வேலை.

புத்தகத்தில் காலைக் காபிக்கு ஒரு பக்கம் இருந்தது. மாலைப் பிஸ்கட்டுக்கு அரைப் பக்கம். எழுதியவர் எழுந்து, நடந்து, குளித்து, எட்டு மணிக்கு மேஜையில் உட்காருகிற ஒரு ஆளை மனசில் வைத்து எழுதியிருக்கிறார். அஞ்சரை மணிக்கு மண்வெட்டியோடு மடை திறக்கப் போகிறவர் அவர் கண்ணில் படவே இல்லை. இதெல்லாம் இப்போது புரிகிறது. அப்போது, எழுதாமல் விட்டதால் அது ஏதோ மோசமானதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நாலு நாள் யோசித்து நீராகாரத்தை நிறுத்திவிட்டேன். மாத்திரையை மட்டும் வழக்கமான நேரத்தில், எழுந்ததும் கொடுத்தேன். சாப்பாட்டுக்கு முன்னாடிதானே சொன்னார்கள். அந்த வாரம் வயலில் வேலை இல்லை. ஏழு மணிக்கே வீட்டில் இட்லி சாப்பிட்டார். ஒன்றும் ஆகவில்லை.

நாற்று பறிக்கிற பருவத்துக்கு வந்தது. எங்களுக்கு நாலு மா நிலம், ஒண்ணேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே, ஒரே நாளில் நடவு முடிந்துவிடும். அன்றைக்கு அஞ்சு மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, வெறும் தண்ணீர் குடித்துவிட்டு, நாற்று முடிச்சுகளைத் தூக்கப் போய்விட்டார்.

ஒன்பது மணிக்கு நான் தூக்குச்சட்டியோடு போனேன். நடவுப் பெண்கள் குனிந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாம்மா வா. உன் வீட்டுக்காரர் காலங்காத்தாலயே ஏத்திக்கிட்டு வந்துட்டாரா? நாத்து முடியை வயல்ல வீசச் சொன்னா வாய்க்கால்ல வீசறாரு."

"அவரு குடிக்க மாட்டாருக்கா."

"எல்லா வீட்டுக்காரியும் அதைத்தான் சொல்றா."

அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். சட்டை பிழிகிற அளவுக்கு வேர்வை. கை நடுங்கியது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், வார்த்தை குழறியது. கோபமாக வேறு இருந்தார், என் மேல் ஒரு நாளும் இல்லாத கோபம். நடவுக்காரிகளில் மூத்த அக்கா மட்டும் சிரிக்காமல் கரையேறி வந்து, தன் பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றி, பொட்டலத்திலிருந்து ஜீனியை அள்ளிப் போட்டுக் கலக்கி அவர் வாயருகே கொண்டுபோனார்.

நான் பாய்ந்து கையைப் பிடித்தேன். "ஜீனியா? ஐயோ வேண்டாங்க்கா, அவருக்குச் சர்க்கரை!"

பாதி டீ சேற்றில் கொட்டியது.

"எங்க வீட்டு ஆளுக்கும் பல வருசமா சர்க்கரைதான். கையை எடு."

"புஸ்தகத்துல கூடவே கூடாதுன்னு…"

"புஸ்தகத்தை அப்பறம் படி. இப்ப ஆளைப் பாரு."

மிச்சப் பாதியை அவர் வாயில் ஊற்றிவிட்டு, இன்னொரு டம்ளரும் கலந்து கொடுத்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, விஷம் கொடுப்பதை வேடிக்கை பார்க்கிறவள் மாதிரி கையைப் பிசைந்தேன். கொஞ்ச நேரத்தில் வேர்வை அடங்கியது. கண் தெளிந்தது. சுற்றிலும் பார்த்தார்.

"ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க? நடவுக்கு வந்தீங்களா, சினிமாவுக்கு வந்தீங்களா?"

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

வயிற்றுக்கு நாலு இட்லி கொடுத்து நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நர்ஸ் விரலில் குத்திப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"மாத்திரை எத்தனை மணிக்கு?"

"அஞ்சுக்கு."

"சாப்பாடு?"

"ஒம்பதுக்குங்க. சாப்பாட்டுக்கு முன்னாடின்னு சொன்னாங்க."

"முன்னாடின்னா நாலு மணி நேரம் முன்னாடியாம்மா? மாத்திரை சர்க்கரையை இறக்கும், வயித்துல ஒண்ணும் இல்லைன்னா ரொம்ப இறக்கிடும். இன்னைக்கு ஜீனி குடுத்தது யாரு? அவங்களைக் கும்பிடு."

நீராகாரத்தைப் பற்றிக் கேட்டேன். "அதுவும் சோறுதானே? அளவைக் குறைச்சுக் குடுங்க, மத்த வேளைச் சோத்துல அதைக் கழிச்சுக்கங்க. மாத்திரை நேரத்தை டாக்டர்ட்ட கேட்டு மாத்தி எழுதித் தரேன்" என்றார். அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடுத்தேன். அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் இருந்தது. நாற்று வளர்ந்த வேகத்துக்குக்கூட நான் படிக்கவில்லை. முதல் தடவையாகத் தாண்டினேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், இதர சிக்கல்கள் என்ற தலைப்புக்கு அடியில், பொடி எழுத்தில் அது இருந்தது. வேர்வை, நடுக்கம், குழறல், காரணமில்லாத கோபம். உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். எல்லாம் சரியாக, வரிசையாக எழுதியிருந்தார்கள். எழுதாமல் விட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. தெரிந்திருக்கிறது. தெரிந்தும் இருபது பக்கம் வாழ்த்துரைக்குப் பின்னால், புடலங்காய்க்குப் பின்னால், புரோக்கோலிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

இதை யாரிடமாவது கொட்டாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. கடைத்தெருவில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கிற அக்காவிடம் போனேன். நாகூரில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். போன வருஷம் மகனோடு மக்காவுக்கு உம்ரா யாத்திரை போய்வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கையேட்டை எடுத்தார். வேர்வையில் ஊறி உப்பி, ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

"உம்ராவுக்குக் கழுத்துல தொங்கவிட்டுக்கிட்டுப் போனது. ஓதறதெல்லாம் எல்லாப் புஸ்தகத்துலயும் இருக்கும்மா. இதுல முதல் பக்கத்துலயே என்ன இருக்கு தெரியுமா? செருப்பை வாசல்ல விடாதே, பையில போட்டுக் கையிலயே வச்சுக்கன்னு இருக்கு. இதை எழுதினவரு மூணு ஜோடி தொலைச்சிருக்காரு. கூட்டத்துல மகனை விட்டுட்டா எந்தக் கம்பத்துக்கிட்ட நிக்கணும்னு முன்னாடியே பேசி வச்சுக்கச் சொல்றாரு. நான் ரெண்டு தடவ அந்தக் கம்பத்துக்கிட்ட நின்னேன்."

"நல்லா எழுதியிருக்காருக்கா."

"நல்லா எழுதலை. எழுத்துப் பிழை நெறைய. ஆனா போய்ப் பட்டு வந்து எழுதியிருக்காரு. உன் புஸ்தகக்காரருக்குச் சர்க்கரை இருக்கா?"

நான் பின்னட்டையைப் பார்த்தேன். மூன்று வரிக்குப் பட்டம் இருந்தது. சர்க்கரை இருக்கிறதா என்று இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிளேடால் அறுத்து எடுத்தேன். புத்தகத்தை அறுப்பது இதுதான் முதல் தடவை, கை கூசியது. கொஞ்சம் சோற்றை நசுக்கிப் பசையாக்கி, முன்னட்டைக்கு உள்பக்கம், வாழ்த்துரைக்கு மேலே ஒட்டினேன். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு ஒரு கப்புச் சோறு. புஸ்தகத்துக்கு மட்டும் அளவே கிடையாதா?"

அவர் சட்டைப் பையில் இப்போது எப்போதும் நாலு மிட்டாய் இருக்கிறது. காலையில் அரைச் சொம்பு நீராகாரமும் திரும்பி வந்துவிட்டது. நான் தினமும் அவர் கிளம்பும்போது பையைத் தொட்டுப் பார்க்கிறேன். அவர் வரப்பில் நடக்கிற நடையைத் தெரு முனையிலிருந்து பார்க்கிறேன். நேராக நடந்தாலும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் தஞ்சாவூர் போனபோது அதே கடையில் அதே புத்தகம் அடுக்கி வைத்திருந்தது. ஒருவர் ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். கூட ஒரு வயதான அம்மா, ஆஸ்பத்திரி ஃபைலோடு. முன்பின் தெரியாதவரிடம் எப்படிப் பேசுவது? பேசிவிட்டேன்.

"அண்ணே, நூத்திப் பன்னெண்டாம் பக்கத்தை முதல்ல படிங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க டாக்டரா?"

"இல்லைங்க."

"டீச்சரா?"

"இல்லைங்க. எங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை."

கடைக்காரர் சிரித்தார். "வாங்கறவங்களை விடுங்கம்மா. பெரிய படிப்புப் படிச்சவர் வரிசையாத்தான் எழுதியிருப்பாரு."

அந்த மனிதர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டுப் பெஞ்சில் அம்மாவை உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்தார். வாழ்த்துரையிலிருந்து ஆரம்பித்தார். எங்கள் பஸ் கிளம்புகிற வரைக்கும் நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் ஒரு பக்கத்தைக்கூடத் தாண்டவில்லை.