ஒரே மீட்டரில் இரண்டு வீடு

2022 செப்டம்பர் 18 — 34,000 தினார்
அக்டோபர் 9 — 30,500
நவம்பர் 27 — 27,000
2023 ஜனவரி 15 — 25,000
பிப்ரவரி 12 — 22,000

லெஸ்கோவாட்ஸ் நகரின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய கணினிப் பாகங்கள் விற்கும் சாஸ்லாவ், ஒரே கிராபிக்ஸ் கார்டுக்கு, ஒரே ஆளிடம் சொன்ன விலைகள் இவை. அந்த ஆளின் பெயர் வித்தோமிர். வயது நாற்பத்தாறு. பேருந்துப் பணிமனையில் பிரேக் பழுதுபார்ப்பவன். விலை இறங்கிக்கொண்டே வந்தும் அவன் வெறுங்கையோடு திரும்பியதற்குப் பணம் காரணமில்லை. காரணம் அவன் தலைக்கு மேலே குடியிருந்தது.

அப்பா விட்டுப்போன வீட்டில் கீழே வித்தோமிர், மேலே அண்ணன் பிளாகோயேயும் மனைவி ருஷிட்சாவும். மேல்மாடியை அனுமதி வாங்காமல் எழுப்பியிருந்தார்கள். அரசாங்கக் காகிதத்தில் அப்படி ஒரு மாடியே கிடையாது; இல்லாத மாடிக்கு யார் மீட்டர் தருவார்கள்? ஆகவே இரண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர், கட்டணத்தில் சரிபாதி. மாதம் 1,600 யூனிட்டைத் தாண்டினால் சிவப்பு மண்டலம். அதற்கு மேல் ஓடுவதற்கெல்லாம் இரட்டிப்பு விலை. இரண்டு வீட்டு மின்கணப்புகளும் சேர்ந்து குளிர்காலத்தில் எப்படியும் அங்கே போய்த்தான் நிற்கும். ஆனால் பிளாகோயே கணப்பைக் குற்றம் சொன்னதில்லை. தம்பியின் கணினிதான் வீட்டைக் குடிக்கிறது என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தான்.

வித்தோமிருக்கு அந்தக் கணினிதான் மிச்சம். மனைவி பிரிந்து போன பிறகு, அவனோடு முகம் சுளிக்காமல் பேசியவர்கள் நான்கே பேர். நான்கும் காதில் மாட்டிய கருவிக்குள் கேட்கும் குரல்கள். இணையத்தில் டாங்கிச் சண்டை ஆடும் ஐவர் அணி அது. பதினோரு வருடமாக அதில் அவனுக்கு ஓர் இடம் இருந்தது. தலைவன் நெபோய்ஷா, ஷாபாட்ஸில் பல்செட் செய்பவன். செப்டம்பரில் அறிவிப்பு வந்தது: மார்ச் முதல் தேதியிலிருந்து ஆட்டத்தின் புதிய வடிவம் பழைய கார்டுகளில் ஓடாது. வித்தோமிரின் கார்டுக்கு ஒன்பது வயது.

டிசம்பர் 19, வீட்டுப் புனிதரான நிக்கோலாவின் நாள். புனிதர் இரண்டு பேருக்கும் ஒருவரே, மேசைகள்தான் தனித்தனி. மேலே எத்தனை விருந்தாளி ஏறினார்கள் என்று கீழேயும், கீழே எத்தனை பேர் நுழைந்தார்கள் என்று மேலேயும் எண்ணுவது வழக்கம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவனைத் துரத்த முடியாது. அது தெரிந்துதான் பிளாகோயே கீழே இறங்கி வந்து, பணிமனைக்காரர்கள் முன்னால், மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் சாப்பிட்டான்.

"புதுசு வாங்கப் போறியாமே?"

"யோசிக்கிறேன்."

"யோசி. யோசிக்கிறதுக்குக் கரண்டு செலவாகாது."

"புதுசு இன்னும் அதிகமா இழுக்கும் அண்ணே. பாதி நீதான் கட்டணும். அதுக்காகவே வாங்கலாம்னு பாக்கிறேன்."

"வாங்கு. மாட்டின அன்னிக்கே உன் பியூஸ் என் சட்டைப்பையில இருக்கும்."

அவன் கார்டு வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. ஜனவரி 21, சனிக்கிழமை, லீக் ஆட்டத்தின் நடுவே வித்தோமிரின் திரை இருண்டது. மாடிப்படியடியில் பியூஸ் பெட்டி திறந்து கிடந்தது. கட்டணச் சீட்டைக் கையில் பிடித்தபடி படியில் நின்ற பிளாகோயே, சிவப்பு மண்டலத்துக்குப் போகாமலிருக்க அரைமணி நேரக் கரண்டை மிச்சம் பிடிப்பதாகச் சொன்னான். அணி தோற்றது. நெபோய்ஷாவின் முதல் கடிதம் மறுநாள் மின்னஞ்சலில் வந்தது: வீட்டுச் சண்டையை வீட்டோடு வைத்துக்கொள், மார்ச்சுக்குள் கார்டை மாற்று.

பிப்ரவரி 12 அன்று வித்தோமிர் வாங்கிவிடுவது என்றே பணத்தோடு போனான். சாஸ்லாவ் அவன் கண்முன்னே கார்டை ஒரு கணினியில் மாட்டி, மின் அளவுகருவியைச் சொருகிக் காட்டினான்.

"உன்னோட பழசு இருநூத்தி அம்பது வாட் தின்னுது. இது நூத்தி இருபதுதான். கரண்டு பில்லும் குறையும், சந்தோஷமா எடுத்துட்டுப் போ."

வித்தோமிர் எண்ணி முடித்த நோட்டுகளைக் கையிலேயே வைத்திருந்தான்.

"பில்லு குறையுமா?"

"நீ ஆடுற ஆட்டத்துக்கு நல்லாவே குறையும்."

"அதுல பாதி எங்கண்ணனுக்குப் போகும்."

"போகட்டுமே. ஒரு கிளாஸ் ராக்கியா வாங்கி ஊத்தச் சொல்லு."

நோட்டுகள் உள்பைக்குள் திரும்பின. விலை கட்டுப்படியாகவில்லையா என்று சாஸ்லாவ் கேட்டான். விலை சரிதான் என்றான் வித்தோமிர். இத்தனை வருடமாகத் தன்னைக் கரண்டுத் திருடன் என்று ஊர்முழுக்கச் சொன்னவனுக்குத் தன் கைக்காசில் சம்பாதித்துக் கொடுப்பதா? பேருந்தில் ஏறாமல் வீடுவரை நடந்தான். நடக்க நடக்க அது இன்னும் நியாயமாகப் பட்டது. முதலில் தனி மீட்டர். அப்புறம் கார்டு.

தனி மீட்டருக்கு மாடியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு அண்ணன் கையெழுத்து வேண்டும். விண்ணப்பத்தோடு மேலே ஏறினான். அவன் மேலே ஏறியது ஆறு வருடத்தில் அதுவே முதல் தடவை. ருஷிட்சா நாற்காலி போடவில்லை. திடீரென்று தனி மீட்டர் எதற்கு என்று பிளாகோயே துருவித் துருவிக் கேட்டதில், வித்தோமிர் ஆத்திரம் பொத்துக்கொண்டு வர உண்மையைக் கொட்டிவிட்டான்.

"இருபத்திரண்டாயிரத்துக்கு வர்ற புதுசு பாதிதான் இழுக்குது. அந்த மிச்சத்துல உனக்கு ஒரு பைசா வரக்கூடாது. அதுக்குத்தான்."

பிளாகோயே மனைவியைப் பார்த்தான், பிறகு விண்ணப்பத்தை மடித்துத் தம்பியின் கையில் திணித்தான்.

"கையெழுத்து கிடையாது. ஆனா கார்டு வாங்கு தம்பி. என்ன, இருபத்திரண்டாயிரமா? பாதி நான் போடறேன். எனக்குத்தானே லாபம்."

"உன் காசு வந்தா அடுப்புல போடுவேன்."

"போடு. குளிருக்கு ஆகும்."

மார்ச் முதல் தேதி ஆட்டம் அவனை உள்ளே விடவில்லை. இரண்டாவது கடிதத்தில் நெபோய்ஷா ஈஸ்டர் வரை தவணை கொடுத்தான். தேவையானால் நான்கு பேரும் சேர்ந்து பணம் போடுகிறோம் என்றும் எழுதியிருந்தான். பணம் இருக்கிறது, வீட்டில் ஒரு கணக்கு தீர வேண்டியிருக்கிறது என்று வித்தோமிர் பதில் போட்டான். வேறு எதுவும் விளக்கவில்லை. விளக்கினால் புரியாது என்று நினைத்தானா, புரிந்துவிடும் என்று பயந்தானா, அது அவனுக்கே தெரியாது.

ஈஸ்டர் காலையில் கடைசிப் படியில், பண்டிகைக்குச் சாயமிட்ட ஒரு சிவப்பு முட்டையும் ஓர் உறையும் இருந்தன. உறையில் பதினோராயிரம் தினார். பிளாகோயே மேலே கைப்பிடியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வித்தோமிர் இரண்டையும் தொடாமல் தாண்டிப் போனான். திரும்பி வரும்போதும் தாண்டித்தான் வந்தான். சாஸ்லாவின் கடையில் கார்டு இன்னும் விற்காமலே இருந்தது.

நெபோய்ஷாவின் மூன்றாவது கடிதம் நான்கே வரி. பதினோரு வருடத்துக்கு நன்றி, அவன் இடத்துக்குக் கிராகுயேவாட்ஸிலிருந்து ஒருவனை எடுத்தாயிற்று, பதில் எழுத வேண்டாம். அது வந்தது 2023 ஏப்ரல் 17, திங்கட்கிழமை.