சாமைக் குதிரில் கொட்டிய புளி

படவேட்டு அம்மனை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் ஜமுனாமரத்தூரில் புளி வியாபாரம் செய்கிறவன். அம்மன் எனக்குச் செய்த உதவியைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சொல்லும்போது என் முட்டாள்தனமும் கூடவே வரும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஆடி மாதம். எங்கள் ஊர்ப் புளி முழுவதையும் பங்குனியிலேயே வாங்கி வைத்திருந்தேன். மழைக்காலத்தில் மலையிலிருந்து கீழே கொண்டுபோய் விற்கலாம் என்று யோசனை. திறந்து பார்த்தால் அத்தனையும் கறுத்து, நசநசவென்று நாறியது. முந்தைய வருடமும் இதே கதிதான்.

"இன்னொரு தபா இப்படி ஆச்சுன்னா கடைய மூடிட்டு கரும்பு வெட்டத்தான் போவணும்" என்றாள் என் மனைவி. அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு பிடி புளியைத் துணியில் முடிந்துகொண்டு படவேட்டுக்குப் போனேன். அம்மன் முன்னால் நின்று அழுதேன். "தாயே, எனக்கு ஒண்ணும் புரியல. நீதான் வழி காட்டணும்" என்று கேட்டேன்.

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன். பக்கத்தில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவளாக இருப்பாள். அடிவாரத்தில் புருஷனோடு புளி வியாபாரம் செய்கிறவளாம்.

"இன்னாண்ணா, புளியில சாணி வாசனை வருது? எதுல வெச்சிருந்தீங்க?"

"குதிர்லதான். சாமைய அதுல கொட்டி வெச்சா மூணு வருசமானாலும் கெடாது."

"சாமை கெடாதுண்ணா. புளி ஈரத்த இழுக்குமே. சாணி மெழுகின குதிர்ல யாராச்சும் புளியக் கொட்டுவாங்களா?" என்று சிரித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. மலையில் புளியமரத்தடியில் வளர்ந்தவனுக்குக் கீழ்நாட்டுப் பெண் புளியைப் பற்றிச் சொல்வதா? புளியை முடிந்துகொண்டு எழுந்து போய் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டேன். கண்டக்டர் விசில் ஊதிய பிறகுதான் உறைத்தது. வழி காட்டு என்று கேட்டவன் நான். காட்டியவளிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தவனும் நான். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி அந்த மரத்தடிக்கே ஓடினேன்.

"எனக்குத் தெரியலம்மா. கத்துக் குடுங்க" என்றேன். வியாபாரம் தொடங்கிய ஆறு வருடத்தில் இந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"அதுக்கு ஏண்ணா கண்ணு கலங்கறீங்க? உக்காந்து பொங்கல் சாப்டுங்க. மாசியில நீங்க புளி உலுக்கும்போது நாங்களே வர்றோம்."

சொன்னபடி புருஷனோடு வந்தாள். மூன்று நாள் எங்கள் வீட்டில் தங்கினார்கள். பாறையில் காயும் புளியைப் பனி இறங்குவதற்கு முன் அள்ள வேண்டும், கொட்டை எடுத்து உப்புத் தூவி மண்பானையில் அழுத்த வேண்டும், வாயைத் துணியால் இறுகக் கட்ட வேண்டும். எல்லாவற்றையும் என் கையாலேயே செய்ய வைத்தாள். ஊரில் சிலர் கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஆடியில் முதல் பானையைத் திறந்தேன். புளி கறுக்கவே இல்லை. மனைவி ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தாள். "நல்லா கீது" என்றாள். அம்மா தாயே என்று நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நான் வெட்கப்படுவதில்லை. நான்கு பேரிடம் கேட்டுத்தான் தொழில் நடத்துகிறேன்.

தொழில் செய்து தவிக்கிறவர்களே, அம்மனிடம் மனம்விட்டுக் கேளுங்கள். நிச்சயம் ஆள் அனுப்புவாள். வருகிறவர் நம்மைவிடச் சின்னவராக இருக்கலாம், நம்மைப் பார்த்துச் சிரிக்கவும் சிரிக்கலாம். அப்போது கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடாதீர்கள்.